வாளியைத் தொட்டால் துத்தநாகம்

ஆனந்தமேரி மூன்றாவது தடவையாக வாளியைத் தொட்டாள். தொட்டது மட்டுமில்லை, கைப்பிடியைத் தூக்கிக் கிணுக்கென்று கீழே விட்டும் பார்த்தாள். நான்காம் மேசையில் நின்றிருந்த நாகஜோதி சத்தம் கேட்டு நிமிர்ந்தாள். வாளியைப் பார்த்தாள், ஆனந்தமேரியைப் பார்த்தாள், தன் முன்னால் பீங்கான் கிண்ணத்தில் கிடந்த சாம்பலைப் பார்த்தாள். பிறகு மெல்லத் தலையை இரண்டு பக்கமும் ஆட்டிவிட்டுக் குனிந்துகொண்டாள். வலிய வந்து சொல்லிக் கொடுத்தாலும் வாங்கிக்கொள்ளாத பிள்ளையை என்ன செய்வது? திமிர், வேறென்ன என்று முணுமுணுத்தபடி ஆனந்தமேரி வாளியை விட்டு நகர்ந்தாள்.

1996 பிப்ரவரி. பன்னிரண்டாம் வகுப்பு வேதியியல் செய்முறைத் தேர்வு. நாகல் நகரை ஒட்டியிருந்த அந்தப் பெண்கள் பள்ளியின் ஆய்வகத்தில் இருபது பேர் நின்று பரிசோதனை செய்துகொண்டிருந்தார்கள். ஆளுக்கொரு பொட்டலத்தில் ஒரு கரண்டி உப்பு கொடுத்திருந்தது. குழம்பில் போடுகிற உப்பில்லை. அது என்ன உப்பு என்று கண்டுபிடித்து எழுத வேண்டும். கண்டுபிடிக்க அந்தப் பள்ளியில் இரண்டு வழி இருந்தது. ஒன்று புத்தகத்தில் இருக்கிற வழி: கரைத்து, காய்ச்சி, முகர்ந்து, எரித்து, இரண்டு மணி நேரம் மல்லுக்கட்ட வேண்டும். மற்றது ஆனந்தமேரியின் கையைப் பார்ப்பது. பொட்டலம் கட்டிக் கொடுப்பதே அவள்தான், யாரைப் பார்த்துக்கொண்டு எதைத் தொடுகிறாளோ அவளுக்கு அந்த உப்பு. மூக்கைத் துடைத்தாள் என்றால் அமோனியம். வெள்ளையடித்த சுவரில் சாய்ந்தாள் என்றால் கால்சியம். தண்ணீர்ச் செம்பை நகர்த்தினால் காப்பர். வயிற்றைத் தடவினால் மக்னீசியம், மருந்துக்கடையில் பேதி உப்பு என்று விற்பது அதைத்தான். வாளியைத் தொட்டால் துத்தநாகம், பிள்ளைகள் பேச்சில் ஜிங்க். தகர வாளிமேல் அந்த உலோகத்தைத்தான் பூசியிருக்கிறார்களாம்.

இந்தச் சைகைகள் எதுவும் அவள் கண்டுபிடித்ததில்லை. அவள் புருஷன் செபஸ்தியான் இதே ஆய்வகத்தில் அட்டெண்டராக இருந்தபோது உண்டாக்கியவை. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் மஞ்சள்காமாலையில் அவன் போய்ச் சேர, கருணை அடிப்படையில் வேலை இவளுக்கு வந்தது. வேலையோடு சைகைகளும் வந்தன. முதல் வருஷம் இவளுக்கு அது தெரியவே தெரியாது. ஒருநாள் எதேச்சையாக மூக்கைத் துடைக்கப் போய், மூன்று பிள்ளைகள் அவசர அவசரமாக எதையோ அடித்துவிட்டு அமோனியம் என்று எழுதித் தோற்றுப்போனார்கள். அதற்குப் பிறகு மூத்த மாணவிகளே உட்காரவைத்து விளக்கிச் சொன்னார்கள். தேர்வு முடிந்ததும் எல்லாரும் சேர்ந்து ஒரு சேலை எடுத்துக் கொடுப்பார்கள். லஞ்சம் என்று யாரும் சொன்னதில்லை, மரியாதை என்றுதான் சொன்னார்கள். பத்தாம் வகுப்பில் கணக்கும் அறிவியலும் காலை வாரிவிட்ட ஆனந்தமேரிக்கு, இருபது பிள்ளைகள் தன் கையையே பார்த்துக்கொண்டிருக்கும் அந்த இரண்டு மணி நேரம் பிடித்திருந்தது. அதை அவள் யாரிடமும் ஒப்புக்கொள்ள மாட்டாள்.

இந்த வருஷம் அந்த இருபதில் அவள் மகள் ஜெஸ்ஸியும் ஒருத்தி. ஜிங்க் சல்பேட் பொட்டலம் நான்கு பேருக்குப் போயிருந்தது. அதில் ஒன்று ஜெஸ்ஸிக்கு, ஒன்று நாகஜோதிக்கு. ஜெஸ்ஸிக்கு மருந்தாளுநர் படிப்பு படிக்க ஆசை, அம்மாவுக்கு அதைவிட ஆசை. ஒரு மதிப்பெண் குறைந்தால் நூறு பேர் முன்னால் போய்விடுவார்கள் என்று வீட்டில் தினமும் பேச்சு. ஆகவே முதல் தடவை வாளியைத் தொட்டபோதே ஜெஸ்ஸி பார்த்துவிட்டாளா என்று உறுதி செய்துகொண்டாள். பார்த்துவிட்டாள். கொஞ்ச நேரம் பேனாவைக் கடித்துக்கொண்டு நின்றவள் பிறகு குனிந்து எழுதினாள். மற்ற இரண்டு பேரும் எழுதினார்கள். நாகஜோதி மட்டும் அடுப்பை மறுபடி பற்றவைத்து, எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்தாள்.

அந்தப் பிள்ளையை ஆனந்தமேரிக்குப் பிடிக்காமலில்லை. வத்தலக்குண்டு சாலையில் பூ விவசாயம் செய்கிற மலைச்சாமியின் மகள். ஊருக்கு ஐந்தே முக்காலுக்குத்தான் பஸ். அதுவரை ஆய்வகத்தில் வந்து உட்கார்ந்துகொண்டு கூடமாட ஒத்தாசை செய்வாள். விவசாயக் கல்லூரியில் சேர வேண்டும் என்பாள். போன நவம்பரில் அடைமழை பெய்து கூரை ஒழுகியபோது அவள்தான் துணைக்கு நின்றாள். இரண்டு நாள் விடுமுறை முடிந்து கதவைத் திறந்தால் மருந்து அலமாரி முழுக்கத் தண்ணீர். வாட்ச்மேன் தன் பங்குக்குப் பாட்டில்களை எல்லாம் அள்ளி வேறு மேசையில் வைத்திருந்தார். செபஸ்தியான் ஒட்டிவைத்த சீட்டுகள் பாதி கூழாகிப் போயிருந்தன. வேதியியல் ஆசிரியை அன்புக்கரசி வந்து பார்த்துத் தலையில் கைவைத்தாள். ஆனந்தமேரி பதறவில்லை. நீலம் காப்பர், பச்சை இரும்பு, நெடியடித்தால் அமோனியம், கையில் தூக்கும்போது கனத்தால் ஈயம் என்று ஒவ்வொன்றாக எடுத்து வரிசையில் வைத்துவிட்டாள். கடைசியில் இரண்டு பாட்டில் மிஞ்சியது. இரண்டிலும் கல்கண்டை நொறுக்கிப் போட்டதுபோல ஒரே மாதிரி வெள்ளைப் படிகம்.

“இதுல எது ஜிங்க்கு, எது மக்னீசியம்னு சரியாத் தெரியுமா மேரி? சந்தேகமா இருந்தா சொல்லு, டெஸ்ட் பண்ணிப் பாத்துருவோம்” என்றாள் அன்புக்கரசி.

“ஒம்போது வருசமாத் தொடைக்கிறேன், எனக்குத் தெரியாதா டீச்சர்?”

தெரியாது. ஆனால் அந்த வாக்கியம் வாயிலிருந்து வந்த வேகத்தில் அவளுக்கே தெரிந்த மாதிரிதான் இருந்தது. இடது பக்கம் இருந்ததை ஜிங்க் என்று வைத்தாள்.

புதுச் சீட்டுகளை நாகஜோதி எழுதினாள். முத்து முத்தான கையெழுத்து. ஆனந்தமேரி பசை தடவி ஒட்டினாள். ZnSO₄.7H₂O என்ற சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தாள். இத்தனை வருஷமாக அந்த எழுத்துகள் அவளுக்கு ஆட்களின் இனிஷியல் மாதிரிதான். யாரோ வைத்தது, ஏன் என்று கேட்க ஒன்றுமில்லை.

“ஏம்மா, எல்லா எழுத்தும் நிமிந்து நிக்குது. இந்த நாலும் ரெண்டும் மட்டும் ஏன் பொடுசாக் கீழ உக்காந்திருக்கு?”

“அது ஆள் கணக்குக்கா.”

“என்னா ஆளு?”

நாகஜோதி பேனாவை மூடிவிட்டு யோசித்தாள். “ரேஷன் கார்டுல குடும்பத் தலைவர் பேரு போட்டு, கூட யாரு யாரு, எத்தன பேருன்னு எழுதிருப்பாங்கல்ல? அதேதான். இங்க ஜிங்க்குதான் தலைவரு. எஸ்ஸுன்னா சல்பர், ஒரு ஆளு. ஓன்னா ஆக்சிஜன், நாலு ஆளு. மொத்தம் ஆறு அணு. இந்தத் தூள்ல ஒரு பொட்டு எடுத்தாலும் அதுக்குள்ள கோடி கோடியா வீடு இருக்கு. எந்த வீட்டக் கதவத் தொறந்து பாத்தாலும் இதே கணக்குதான். அஞ்சும் இருக்காது, ஏழும் இருக்காது.”

“அப்ப இந்தப் புள்ளிக்கு அங்கிட்டு ஏழுன்னு போட்டிருக்கே?”

“அது ஏழு தண்ணிக்கா. அவுக வாடகைக்கு இருக்கவுக. அடுப்புல காட்டுனா காலி பண்ணிட்டுப் போயிருவாக.”

ஆனந்தமேரி சிரித்துவிட்டாள். சிரித்த வாயோடு அப்படியே நின்றாள். இந்த உப்பைச் சோதனைக் குழாயில் போட்டுச் சூடாக்கும்போதெல்லாம் குழாயின் வாய்ப்பக்கம் பொட்டுப் பொட்டாகத் தண்ணீர் கோத்து நிற்பதை அவள் பார்த்திருக்கிறாள். குழாயை ஒழுங்காகத் துடைக்கவில்லை என்று தன்னைத்தான் திட்டப் போகிறார்கள் என்று ஒவ்வொரு தடவையும் பயந்திருக்கிறாள். காய்ந்த தூளுக்குள்ளே தண்ணீர் குடியிருந்தது, அதை வெறும் எழுத்தில் யாரோ கணக்காக எழுதியும் வைத்திருந்தார்கள். அவளுக்கு ஏனோ சந்தோஷமாக இருந்தது. அடுத்த சீட்டை எடுத்துப் பார்த்தாள். MgSO₄.7H₂O. தலைவர் மட்டும்தான் வேறு. மற்ற சனம், வாடகைக்காரர்கள், எல்லாம் அச்சாக அதேதான். அதனால்தான் இரண்டும் பார்வைக்கு ஒரே மாதிரி இருக்கிறது என்று நாகஜோதி சொன்னாள். அப்படியானால் தலைவரை மாற்றி ஒட்டிவிட்டால் யாருக்குத் தெரியும் என்று ஆனந்தமேரிக்குக் கேட்கத் தோன்றியது. டீச்சரிடம் அடித்துச் சொல்லியாகிவிட்டது. சீட்டை ஒட்டி, பசை காயும்வரை கட்டைவிரலால் அழுத்திப் பிடித்திருந்தாள்.

தேர்வு மூன்றரைக்கு முடிந்தது. வெளித்தேர்வாளர் பெரியகருப்பன், வத்தலக்குண்டுப் பக்கத்துப் பள்ளியிலிருந்து வந்திருந்தவர், பக்கத்து அறையில் அன்புக்கரசியோடு உட்கார்ந்து விடைத்தாள்களைத் திருத்த ஆரம்பித்தார். மதிப்பெண் பட்டியலைக் கவரில் போட்டு முத்திரை வைத்துவிட்டால் அவர் வேலை முடிந்தது. பிறகு யார் நினைத்தாலும் ஒரு புள்ளிகூட மாற்ற முடியாது. தேர்வு நாளில் மாணவிகள் ஆய்வகத்தில் தங்கக் கூடாது என்பதால் நாகஜோதியும் பஸ் நிறுத்தத்துக்குப் போய்விட்டிருந்தாள். ஆனந்தமேரி மேசைகளைத் துடைக்க ஆரம்பித்தாள். பக்கத்து அறைப் பேச்சு நன்றாகக் கேட்டது.

“நாலு ஜிங்க்குல மூணு பேரு கரெக்ட்டு. இந்தப் புள்ளதான் மக்னீசியம்னு எழுதியிருக்கு. பாதி மார்க் போச்சு.”

“நல்லாப் படிக்கிற பொண்ணு சார் அது.”

“என்ன செய்ய டீச்சர்? விடை லிஸ்ட்டுல இருக்கதுக்குத்தான் மார்க்கு.”

பட்டுக்கொள்ளட்டும் என்று முதலில் நினைத்தாள். நான்காம் மேசைக்கு வந்து நாகஜோதியின் கிண்ணத்தை எடுத்தபோதுதான் கை நின்றது. கிண்ணத்தில் வடிதாளை எரித்த சாம்பல் இருந்தது. உப்புக் கரைசலில் கோபால்ட் நைட்ரேட்டைச் சேர்த்து, அதில் தாளை நனைத்து எரித்துப் பார்க்கிற சோதனை அது. ஏன் எரிக்கிறார்கள் என்று அவளுக்குத் தெரியாது. ஆனால் ஒன்பது வருஷமாக அந்தச் சாம்பலைத் துடைக்கிறவள் அவள். தான் வாளியைத் தொட்டுக் காட்டிய மேசைகளில் எப்போதும் பச்சைச் சாம்பல்தான் கிடக்கும், துடைக்கிற துணியில் ஒட்டினால் சீக்கிரம் போகாது. வயிற்றைத் தடவிய மேசைகளில்தான் இந்த வெளிறிய ரோஸ் நிறம். கிண்ணத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். ரோஸ்தான். சந்தேகமே இல்லை.

மற்ற மூன்று இடங்களுக்கும் ஓடினாள். இரண்டு பேர் சாம்பல் சோதனையே செய்யவில்லை. விடை தெரிந்த பிறகு எதற்கு மெனக்கெட வேண்டும்? ஜெஸ்ஸியின் இடத்தில் கிண்ணம் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தது. வீட்டில் தின்ற தட்டைக்கூடக் கழுவாத பிள்ளை.

ஆனந்தமேரி அலமாரியிலிருந்து இரண்டு பாட்டில்களையும் எடுத்தாள். இதுவரை பிள்ளைகளுக்கு அமிலம் ஊற்றிக் கொடுத்திருக்கிறாள், தாள் வெட்டிக் கொடுத்திருக்கிறாள், எரிந்ததை அள்ளியிருக்கிறாள். தனக்கென்று ஒரு தாளைக்கூட நனைத்ததில்லை. பார்த்துப் பார்த்து மனசில் பதிந்திருந்த வரிசையில் செய்தாள். இரண்டு குழாய், இரண்டு சிட்டிகை, சொட்டுச் சொட்டாக மருந்து. ஜிங்க் என்று எழுதிய பாட்டிலின் உப்பில் நனைத்த தாள் எரிந்து சுருண்டு ரோஸ் ஆனது. மக்னீசியம் என்று எழுதிய பாட்டிலில் எடுத்தது பச்சை ஆனது. ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். அவமானம் காதுவரை சுட்டது. அவள் கட்டைவிரலால் அழுத்தி ஒட்டிய சீட்டை அந்தத் தூள் ஒருநாளும் மதிக்கவில்லை. மூன்று மாதமாக டீச்சர் நம்பினாள், பிள்ளைகள் நம்பினார்கள், இன்றைக்குத் தேர்வாளரும் நம்பினார். உள்ளே இருக்கிற கோடி வீட்டிலும் ஒரு வீட்டில்கூட ஜிங்க் இல்லை. அதைப் பார்த்து எழுதியவள் ஒருத்திதான். அவளுக்குத்தான் மார்க் போகிறது.

சொன்னால் என்ன ஆகும் என்று யோசிக்க அவளுக்குப் படிப்பு தேவையாக இருக்கவில்லை. சீட்டு மாறிப்போனது என்று சொல்வது பெரிய காரியமில்லை, திட்டோடு போகும். ஆனால் பாட்டிலில் இருந்தது மக்னீசியம் என்றால், மற்ற மூன்று பேரும் அதை வைத்துக்கொண்டு ஜிங்க் என்று எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்று அடுத்த கேள்வி வரும். மூன்று பேர் ஒன்றுபோல இல்லாததைப் பார்க்க முடியாது. வேலை போகலாம். ஜெஸ்ஸியின் பாதி மார்க் போகும். சொல்லாவிட்டால் ஒன்றும் ஆகாது. பூக்காரர் மகள் வேறு கல்லூரியில் வேறு ஏதாவது படித்துக்கொள்வாள், அவள் கெட்டிக்காரி. இப்படித் தனக்குத்தானே சொல்லிக்கொண்டபோது ஆனந்தமேரிக்குத் தன்மேலேயே வெறுப்பு வந்தது. அழுகையும் வந்தது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். இரண்டு சாம்பலையும் தண்ணீர்விட்டுக் கழுவ எத்தனை நொடி ஆகும்?

“மேரி, அரக்கு கொண்டா. சாருக்கு அஞ்சு மணி பஸ்ஸு” என்று பக்கத்து அறையிலிருந்து அன்புக்கரசி கூப்பிட்டாள்.

அரக்குக் குச்சியையும் சாராய விளக்கையும் எடுத்துக்கொண்டு போனாள். பெரியகருப்பன் பட்டியலை மடித்துக் கவரில் வைத்துக்கொண்டிருந்தார். விளக்கைப் பற்றவைத்து அரக்கை அதில் காட்டினாள். முனை பளபளத்து இளகியது. அவர் கவரை ஒட்டி அவள் பக்கம் நகர்த்தினார்.

“ஊத்தும்மா.”

“சார், செத்த நில்லுங்க. அது ஜிங்க் இல்ல.”

“எது ஜிங்க் இல்ல?”

“நாலு பேருக்குக் குடுத்தது. நான் மழைக்குப் பெறகு சீட்ட மாத்தி ஒட்டிப்புட்டேன். அது மக்னீசியம் சார். அந்தப் புள்ள நாகஜோதி எழுதினதுதான் சரி. எரிச்சுப் பாத்துட்டேன், அங்க வச்சிருக்கேன்.”

பெரியகருப்பன் அவளைப் பார்த்த பார்வையில் கோபத்தைவிட ஆச்சரியம்தான் அதிகம். எழுந்து ஆய்வகத்துக்குப் போனார், அன்புக்கரசியும் பின்னாலேயே போனாள். திரும்பி வர ஐந்து நிமிஷம் ஆனது. ஆனந்தமேரி விளக்கு முன்னாலேயே நின்றிருந்தாள். அன்புக்கரசியின் முகம் வெளுத்திருந்தது. பெரியகருப்பன் உட்கார்ந்தார், கவரைக் கிழித்துப் பட்டியலை வெளியே எடுத்தார். அவசரம் போய்விட்டிருந்தது அவரிடம்.

“சரி. ஒத்துக்கிறேன். மத்த மூணு பேருக்கும் எப்பிடி ஜிங்க் வந்துச்சு?”

பெரியகருப்பன் விடைத்தாள் கட்டிலிருந்து அந்த மூன்றையும் உருவி வைத்தார்.

“அந்த மூணு பேருல யாராச்சும் இன்னும் இருக்காங்களா டீச்சர்?”

அன்புக்கரசி வராந்தாப் பக்கம் எட்டிப் பார்த்தாள். வராந்தாவில் அம்மாவோடு வீட்டுக்குப் போகக் காத்திருந்த ஜெஸ்ஸியைத் தவிர அந்த மூன்று பேரில் வேறு யாரும் பள்ளியில் இல்லை. அவளைக் கூப்பிட்டார்கள். பையைத் தோளில் மாட்டியபடியே உள்ளே வந்தாள்.

“சாம்பல் டெஸ்ட் பண்ணுனியாம்மா?”

“பண்ணுனேன் சார்.”

“என்ன கலர் வந்துச்சு?”

ஜெஸ்ஸி அம்மாவைப் பார்த்தாள். ஆனந்தமேரி முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை.

“ரோஸ் சார்.”

“ரோஸ் வந்தா என்னன்னு படிச்சிருக்க?”

“மக்னீசியம்.”

“பெறகு ஏன் ஜிங்க்குனு எழுதுன?”

ஆனந்தமேரிதான் சொன்னாள், “நான் சொல்லிக் குடுத்தேன் சார். மூணு பேருக்கும் நாந்தான். அவுகப்பா காலத்துல இருந்தே நடக்குது.” சொல்லி முடித்ததும், தேர்வாளர் அங்கே இருப்பதே மறந்துபோனதுபோல மகள் பக்கம் திரும்பினாள். “ஒன் கண்ணால பாத்துட்டியேடி. பாத்த பெறகும் ஏன்டி?”

“நீ மூணு தடவ தொட்டியேம்மா” என்றாள் ஜெஸ்ஸி. “நாந்தான் தப்பாச் செஞ்சுட்டேன்னு நெனச்சேன். ஒனக்குத் தெரியாதாக்கும்னு நெனச்சேன்.”

பெரியகருப்பன் பேனாவின் மூடியைக் கழற்றினார். பட்டியலை நேராக வைத்து, நான்கு எண்களுக்கு நேராக விரலை ஓட்டிக்கொண்டே வந்து நிறுத்தினார். எழுதவில்லை, நிமிர்ந்து அன்புக்கரசியைப் பார்த்தார். விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஆனந்தமேரியின் கையிலிருந்த அரக்கு வளைந்து தொங்கி, மேசைமேல் சொட்டுச் சொட்டாக விழுந்து பரவியிருந்தது. பழக்க தோஷத்தில் அவள் அதைக் கட்டைவிரல் நகத்தால் சுரண்டத் தொடங்கினாள். அது இன்னும் ஆறவில்லை, விரலோடு சேர்ந்து இழுத்துக்கொண்டு வந்தது.